நாமும் நாங்களும்

சங்கத்தில் அவளுக்கு லேபிளக்கா என்று பெயர். தொழில் தையல். சட்டைக் கழுத்தின் உள்பக்கம் கம்பெனிக்காரன் வைத்துத் தைக்கிற சின்னத் துணிச்சீட்டு ஒன்று இருக்கிறதே, நமக்கெல்லாம் அது இருப்பதே நினைவிருக்காது. சங்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அது முதுகில் ஊர்கிற பூச்சி. சட்டையைக் கழற்றி வீசிவிட்டு நடுத்தெருவில் நிற்பார்கள். கத்தரியால் வெட்டினால் மிச்சமிருக்கும் ஓரம் முன்னைவிட மோசமாகக் குத்தும். லேபிளக்கா தையல் பிரிக்கும் கொக்கியால் ஒவ்வொரு நூலாக உருவி எடுத்து, அந்த இடத்தை மெல்லிய பருத்தித் துணியால் மூடித் தைத்து, தன் கீழுதட்டில் தேய்த்துப் பார்ப்பாள். உதடு சம்மதித்தால்தான் சட்டை கடையை விட்டுப் போகும். இந்த வேலையை அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அவள் மகனுக்கும் ஆட்டிசம். மீசையும் தாடியுமாக வளர்ந்துவிட்ட அவனை வீட்டிலும் வெளியிலும் இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் கழற்றி எறிந்த சட்டைகளை வைத்துத்தான் அவள் கற்றுக்கொண்டாள்.

சங்கம் என்றால் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களின் சங்கம். அதன் தலைவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வருஷாவருஷம் விழிப்புணர்வு நாள் ஊர்வலம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து, நம்ம லேபிளக்கா சட்டையில் கிழிக்கிற லேபிளை நாம சமுதாயத்தில் கிழிக்கணும் என்பார். முதல் தடவை அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த தடவை பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு, கிழிக்கவில்லை ஐயா, பிரிக்கிறேன் என்று எழுந்து சொல்ல வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை. மேடையில் விட்ட ஜோக்கைத் திருத்தப் போனால் திருத்தப் போனவளைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

மனிதரைச் சும்மா குறை சொல்லக் கூடாது. பஸ் டெப்போவுக்குப் போய் ஓட்டுநர், நடத்துநர் எல்லாரையும் உட்காரவைத்து, காதைப் பொத்திக்கொண்டு கத்துகிற பையன் குடிகாரன் இல்லை என்று விளக்கியவர் அவர். முடி வெட்டும் கடைக்காரர்களிடம் கெஞ்சி, கூட்டம் இல்லாத காலை நேரத்தை இந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கவைத்தவர் அவர். சினிமா தியேட்டரில் சத்தத்தைக் குறைத்து, விளக்கை முழுக்க அணைக்காமல் ஒரு காட்சி போடவைத்தார். பகலில் பிள்ளைகள் வந்திருக்க ஒரு பயிற்சி மையம், அதற்கு ஒரு வீடு, எல்லாம் அவர் கால் தேய நடந்து வாங்கியது. அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். பாப்பா என்பார்கள். தம்பியைவிடப் பெரியவள், பேச்சு கிடையாது.

ஒரு வருஷம் ஊர்வலத் துணியில் என்ன எழுதுவது என்று சங்கத்தில் சண்டை. 'நாங்கள் வேறு மாதிரி, எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தலைவர் அதை வாங்கிப் படித்தார். நாங்கள் என்ற சொல்லை அடித்தார்.

"நாங்கன்னா, எதிர்ல நிக்கிறவனை வெளியில தள்ளிக் கதவைச் சாத்திட்டுப் பேசறோம்னு அர்த்தம். நாமன்னு சொல்லிப் பாருங்க. அவனும் உள்ள வந்துடறான்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அன்றிலிருந்து சங்கத்தில் நாங்களுக்குத் தடை. யாராவது வாய் தவறி எங்க பசங்க என்றால் நாலு பேர் ஒரே குரலில் நம்ம பசங்க என்று திருத்துவார்கள். ஒருத்தி எங்க வீட்டுக்காரர் என்று ஆரம்பிக்க, இன்னொருத்தி நம்ம வீட்டுக்காரர்னு சொல்லு என்று எடுத்துக் கொடுக்க, கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சங்கத்தில் அப்படிச் சிரித்த நாட்கள் குறைவு. லேபிளக்காவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தலைவர் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. நம்பினாள்.

இன்னொரு சொல்லும் சங்கத்தில் புழங்காது. அப்புறம். ஊரில் யார் போன் பேசினாலும், பேச்சு தீர்ந்தவுடன் 'அப்புறம்?' என்று இழுப்பார்கள். இங்கே அப்படி யாரும் இழுக்கமாட்டார்கள். இங்கே அப்புறம் என்றால் ஒன்றுதான். பெற்றவர்கள் போன பிறகு. புதிதாகச் சேர்ந்தவர்கள் பள்ளிக்கூடம், பேச்சுப் பயிற்சி என்று கேள்வி கேட்பார்கள். பழையவர்கள் எல்லாவற்றையும் தாண்டி அந்த ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். அதற்கு மைக்கில் பதில் கிடையாது. மனசுக்குள் ஒவ்வொருவரிடமும் ஒரு பதில் உண்டு. கூடப் பிறந்த நல்ல பிள்ளை என்று ஒன்று இருந்தால் அதுதான் பதில்.

லேபிளக்காவின் பதில், மூத்த மகள். ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவில் வேலை செய்கிறவள். தலைவரின் பதில், அப்பாவின் ஸ்கூலிலேயே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மகன். கூட்டம் நடக்கிற நாளெல்லாம் இந்த இரண்டு பேரும் பின்னறையில் பிள்ளைகளோடு இருப்பார்கள். ஒருநாள் தலைவர் கதவைத் திறந்து பார்த்தார். உள்ளே பாப்பா லேபிளக்கா மகளின் மடியில் படுத்திருக்கிறாள், தம்பி தலைவர் மகனின் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டிருக்கிறான், ஒரு சத்தம் இல்லை. தலைவர் திரும்பி லேபிளக்காவின் வீட்டுக்காரரின் தோளில் தட்டி, "என்ன சம்பந்தி, இதுங்க ரெண்டும் சேர்ந்தா சங்கமே வேணாம் போலிருக்கே" என்றார். அன்றிலிருந்து அவர் சம்பந்தி, இவள் சம்பந்தியம்மா. வாசலில் செருப்பு விடும்போதே, வாங்க சம்பந்தி என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

கேலிதான். ஆனால் ஒரே கேலியை ஒருவர் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தால் கேட்கிறவளுக்கு ஆசை வராதா? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவளுக்கு. வெளியிலிருந்து மகளைப் பார்க்க வந்தவர்களின் லட்சணத்தை அவள் பார்த்தாகிவிட்டது. முதலில் வந்த குடும்பம், தம்பி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தது. அடுத்து வந்தவர்கள் மரியாதைக்காரர்கள். இது உங்க பரம்பரையில உண்டா என்று ரொம்ப மென்மையாகக் கேட்டார்கள். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பெண்ணைக் காட்டு என்று சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். தெருவில் ஊர்வலத் தட்டியைத் தூக்கிப் பிடிக்கிறவள் வீட்டில் பிள்ளையை ஒளித்துவைத்தால் அந்தத் தட்டிக்கு என்ன மரியாதை?

தலைவர் வீடு என்றால் எதையும் விளக்கவேண்டாம். மாப்பிள்ளைக்குத் தம்பியைத் தெரியும். மிக்ஸி ஓடினால் தம்பி எந்த மூலைக்குப் போவான் என்பதுகூடத் தெரியும். நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆனால் தம்பி அக்கா வீட்டுக்குப் போவான், அங்கே யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். இதை நினைத்த அன்று அவள் பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக். பேச்சைக் கணக்காகத்தான் செலவழிப்பார். கேலிக்குச் சொன்னதைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதே என்று ஒரே தடவை சொன்னார். அவள் மகளிடம் கேட்டாள். மகள் மருந்து வாசனை போகக் கை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கேட்டுப் பாரேன் என்றாள். குழாயை மூட மறந்துவிட்டுப் போனாள். வெட்கம் என்று லேபிளக்கா முடிவு கட்டினாள்.

டிரைவிங் ஸ்கூலில் தலைவரின் மேஜைமேல் சாலைகள் வரைந்த ஒரு பலகையும் சில பொம்மைக் கார்களும் இருக்கும். யார் எங்கே வழிவிடவேண்டும் என்று கற்பவர்களுக்குக் காட்டுவதற்கு. அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு சிவப்புக் காரை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். டீ வரவழைத்தார். உட்காரச் சொன்னார். சம்பந்தியம்மா என்று அன்றைக்குக் கூப்பிடவில்லை.

"உங்க பொண்ணுக்கு என்ன குறை லேபிளக்கா? தங்கம். ஆனா நாங்க வேற மாதிரி யோசிச்சு வச்சிருக்கோம்."

நாங்க. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னது எல்லாம் அவளுக்குத் தாமதமாகத்தான் காதில் ஏறியது. எத்தனையோ பேருக்கு விளக்கிச் சொன்ன மனிதர், தன் வாயால் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார், அது அவருக்குத் தெரியக்கூட இல்லை.

அவர் சொன்ன காரணம் வெளி ஆட்கள் சொல்கிற காரணம் இல்லை. அதுதான் கொடுமை. பரம்பரை, ரத்தம் என்றெல்லாம் அவர் பேசியிருந்தால் மூஞ்சிக்கு நேரே நாலு கேள்வி கேட்டுவிட்டு எழுந்திருப்பாள். அவர் நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறவர் மாதிரி, மெதுவாக, வலிக்கப் பேசினார்.

"என் பையனுக்கு வர்றவ எங்க பாப்பாவுக்கும் சேர்த்து வர்றவ. உங்க பொண்ணு வரும்போதே ரெண்டு கையும் நிறைஞ்சுதானே வருவா? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா தம்பி எங்க வருவான்? இங்கதான். ஒரு வீடு ரெண்டு பேரைத் தாங்குமா, நீங்களே சொல்லுங்க."

அவளால் சொல்ல முடியவில்லை. அவள் போட்ட திட்டத்தை எடுத்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டார். தம்பி இங்கே வருவான் என்பதற்காகத்தானே அவள் இந்தப் படியே ஏறினாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள். வெளியிலிருந்து வருகிற பெண் உங்கள் பாப்பாவை ஏற்றுக்கொள்ளவேண்டும், நீங்கள் மட்டும் என் தம்பியை ஏற்றுக்கொள்ளமாட்டீர்களா என்று கேட்டாள்.

"தம்பியை நான் என்னைக்கு ஏத்துக்கலை?" தலைவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஏத்துக்கறது வேற, பாத்துக்கறது வேற லேபிளக்கா."

ஊர்வலத் துணியில் எழுதவேண்டிய வாசகம் என்றால் அதுதான். யாரும் எழுதமாட்டார்கள். வெளியே வந்தபோது தலைவரின் மகன் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டிருக்கும். அவளுக்காக வாசல் கேட்டைத் திறந்துவிட்டான். அத்தை பார்த்துப் போங்க என்றான். அதற்குமேல் பேச அவனுக்குத் தைரியம் இல்லை.

மகளிடம், அவர்களுக்கு ஏற்கெனவே வேறு இடம் முடிவாகிவிட்டதாம் என்று சொல்லிவைத்தாள். சரி என்றாள் மகள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று லேபிளக்கா நினைத்துக்கொண்டாள்.

சங்கத்துக்குப் போவதை நிறுத்திவிடலாம் என்று இருந்தது. எப்படி நிறுத்துவாள்? தம்பி பகலெல்லாம் இருப்பது அந்த மையத்தில். அங்கே அவனுக்கு ஒரு நாற்காலி உண்டு, ஒரு ஜன்னல் உண்டு, மூடி திருகும் வேலை உண்டு, அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது. ரோஷம் எல்லாருக்கும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ள வசதி வேண்டும். அந்த வருஷ ஊர்வலத்துக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் நீலச் சட்டை தைக்கச் சொல்லி ஆள் வந்தபோது அவள் துணியை வாங்கி வைத்துக்கொண்டாள். லேபிள் இல்லாத சட்டைகள். ஒவ்வொன்றையும் உதட்டில் தேய்த்துப் பார்த்துத்தான் அனுப்பினாள், பாப்பாவின் சட்டை உட்பட. பாப்பா அவளுக்கு என்ன தீங்கு செய்தாள்?

ஊர்வலம் நன்றாக நடந்தது. போலீஸ்காரர் ஒருவர்கூடத் தட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தார். தம்பி காதை மூடும் கருவியை மாட்டிக்கொண்டு, அக்காவின் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி, தன் இஷ்டத்துக்குச் சிரித்துக்கொண்டு நடந்தான். மண்டபத்தில் தலைவர் மைக்கைப் பிடித்தார். தட்டிப் பார்த்தார். இன்னைக்கு உங்க எல்லாருக்கும் ஒரு சந்தோஷச் செய்தி என்று ஆரம்பித்து மகனையும் ஒரு பெண்ணையும் மேடைக்குக் கூப்பிட்டார். மகனுக்குப் பார்த்திருக்கிற பெண். சாதாரணக் குடும்பம், இந்த விஷயத்தில் முன்னே பின்னே பழக்கமே இல்லாதவர்கள். பாப்பாவைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாம் சொன்னோம், ஒரு வார்த்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்றார். குரல் உடைந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே அழுதார். "நாம இத்தனை வருஷம் தெருவில கேட்டது நம்ம வீட்டுக்குள்ளயே நடந்திருக்கு" என்றார்.

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. அந்தப் பெண்ணுக்கு ரொம்பச் சின்ன வயசு. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள் போல, பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு அழுத்திப் பிடிப்பது என்று தெரியாமல் விரல்கள் விறைத்திருந்தன. தனக்குக் கல்யாணம் மட்டும்தான் நடக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம். லேபிளக்காவும் கை தட்டினாள். பக்கத்திலிருந்தவள் அவளை இடித்து, உங்க சம்பந்தி தப்பிச்சுட்டாரே என்று சிரித்தாள். அவளும் சிரித்தாள்.

பிறகு சட்டை தைத்ததற்காக அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். தலைவர் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார், கண்ணைப் பார்க்கவில்லை. ஏத்துக்கறது வேற என்று ஆரம்பித்திருக்கலாம். கேட்கக் கூட்டமும் இருந்தது, மைக்கும் இருந்தது. கீழே தம்பி நீலச் சட்டையின் பொத்தானைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், திங்கட்கிழமை அவன் மையத்துக்குப் போகவேண்டும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அதற்கும் தட்டினார்கள். ஊருக்கு உபதேசம் செய்கிற கூட்டத்தில் அவளும் முறைப்படி சேர்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி சட்டையோடு படுத்துத் தூங்கிவிட்டான். வீட்டுக்காரர் டெப்போவுக்குப் போய்விட்டார். மத்தியான வெயில் சமையலறை மேடைவரை வந்திருந்தது. மகள் வந்து கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, போகப்போகிறேன் என்றாள். எப்போது விண்ணப்பித்தாய், எங்கே தங்குவாய், யார் துணை என்று லேபிளக்கா அடுக்கினாள். தலைவர் வீட்டில் வேறு இடம் முடிவானதாக நீ சொன்னது பொய்தானே என்று மகள் கேட்டாள். தலைவரின் மகன் அன்றைக்கே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். அப்பா சொல்றதும் நியாயம்தானே என்றும் சொன்னானாம்.

லேபிளக்காவுக்கு அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. தலைவரைத் திட்டினாள். அவர் அழுத அழுகையைத் திட்டினாள். முதுகெலும்பு இல்லாத அந்தப் பையனைத் திட்டினாள். உன் அருமை தெரியாத இடத்தில் நீ வாழப்போகாதது நல்லதுக்குத்தான் என்றாள். மகள் அவள் மூச்சு வாங்க நிறுத்தும்வரை பொறுத்திருந்தாள்.

"தலைவர் மாமா என்னை வேணாம்னது தம்பியால. நீ என்னை அங்க குடுக்கணும்னு நினைச்சதும் தம்பிக்காகத்தான். ரெண்டு வீட்லயும் என் கல்யாணத்தைப் பத்திப் பேசியிருக்கீங்க. என்னைப் பத்தி ஒருத்தரும் பேசலை."

அப்படி இல்லைம்மா என்று லேபிளக்கா முனகினாள். அப்படித்தான் என்பது அவளுக்கே தெரிந்தது.

"தம்பி மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. இந்த வீட்ல எங்கிட்ட எதையுமே எதிர்பார்க்காதவன் அவன் ஒருத்தன்தான்." மகள் குரல் சீராகத்தான் இருந்தது. "எனக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சும்மா. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. நீ அதை ஒரு தடவையாவது கேட்டியா?"

லேபிளக்கா கெட்டவள் இல்லை. அந்த நேரத்தில் பெற்றவள் சொல்லவேண்டியது என்ன என்பது அவளுக்குத் தெரியாததும் இல்லை. கிட்டப் போய்த் தலையைத் தொட்டிருக்கலாம். நீ போய் நல்லா இரு என்றிருக்கலாம். ஒன்றும் தோன்றாவிட்டால் சும்மா அழுதிருக்கலாம், அதுவே போதுமாக இருந்திருக்கும். மகளும் அதற்காகத்தான் இன்னும் கதவுநிலையிலேயே நின்றாள். லேபிளக்கா வாயைத் திறந்தாள்.

"அப்ப தம்பியை யாரு பாத்துக்கறது?"

மகள் கதவுநிலையை விட்டு நகர்ந்தாள். பிறகு அறைக்குள் போய், தம்பி எழுந்துவிடாமல் மெதுவாக அலமாரியைத் திறந்து, துணிகளை எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.